விசிலுக்கு வராத சிப்பாய்

தையல்காரி: கத்தாதீங்க சார்! இது தையல் கடை, பட்டாளத்துக் கொட்டகை இல்ல!

அதிகாரி: நீங்கதான் கத்துறீங்க! ஆய்வுக்கூடத்துல உருவாக்கின கரடிச் சிப்பாய்மா. சண்டையில பாதியில ஓடி வந்திருக்கு. இந்தத் தெருவுல பார்த்திருக்காங்க.

எதிர்வீட்டுக்காரி: கரடியா? எனக்குத் தெரியாம இந்தத் தெருவுல பூனைகூடக் குட்டி போடாது சார்.

அதிகாரி: நீங்க யாரு?

எதிர்வீட்டுக்காரி: எதிர்வீடு. ஜன்னல் திறந்தே இருக்கே, அந்த வீடு.

அதிகாரி: அப்போ இந்தச் சட்டை யாருக்கு? நெஞ்சு அறுபது அங்குலம்!

எதிர்வீட்டுக்காரி: எங்க வீட்டுக்காரருக்கு. என் கைச் சமையல் அப்படி...

தையல்காரி: சந்தேகம்னா திரைக்குப் பின்னாடி போய்த் தேடிக்கோங்க.

அதிகாரி: தேடுறது எங்க வழக்கமில்ல. விசில் ஊதினா வந்து நிக்கும். வரலைன்னா, இல்லைன்னு எழுதிட்டுப் போவோம். மீறணும்னு நினைக்கவே முடியாதபடிதான் அதோட மூளையைச் செஞ்சிருக்கு.

எதிர்வீட்டுக்காரி: அந்த மாதிரி மூளை ஒண்ணு எங்க வீட்டுக்காரருக்கும் கிடைக்குமா?

அதிகாரி: விளையாடாதீங்கம்மா! தள்ளுங்க... ஊதுறேன்.

எதிர்வீட்டுக்காரி: அம்மாடி, காது போச்சு!

அதிகாரி: ...இன்னொரு தடவை.

தையல்காரி: ...போதும் சார்.

அதிகாரி: ம்... இல்ல. எழுதிக்கிறேன். வரேன்மா.

*

எதிர்வீட்டுக்காரி: தெருமுனை தாண்டிட்டார். அடியே, தம்பி காதுல பஞ்சை இறுக்கி அடைச்சேதானே?

தையல்காரி: அடைக்கப் போனேன்க்கா. கையைத் தள்ளிட்டான். ‘காதுல கேட்டும் போகாம இருக்க முடியுதான்னு பார்க்கணும்’னான்.

எதிர்வீட்டுக்காரி: அடப்பாவி! முடியலைன்னா?

தையல்காரி: ‘முடியலைன்னா நான் அவங்க சாமான்தான். கொண்டு போகட்டும்’னான்.

எதிர்வீட்டுக்காரி: ...ரெண்டு விசிலுக்கும் நின்னானா?

தையல்காரி: நிலைக்கட்டையைக் கடிச்சுக்கிட்டு நின்னான். வந்து பாருங்க, கட்டையில பாதி இல்ல.

*

எதிர்வீட்டுக்காரி: யாரு... விசில்கார சாரா? என்ன, சீருடையைக் காணோம்?

அதிகாரி: வேலையை விட்டுட்டேன்மா. கடை பூட்டியிருக்கே?

எதிர்வீட்டுக்காரி: ஆச்சு எட்டு மாசம். ஒரு மரக்கடைக்காரரைக் கட்டிக்கிட்டு மலைப்பக்கம் குடி போயிட்டா. தம்பியையும் கூட்டிட்டு... அதாவது, தையல் மிஷினை.

அதிகாரி: தம்பின்னே சொல்லுங்க. அன்னிக்குத் திரைக்குக் கீழ ரெண்டு பாதத்தைப் பார்த்தேன். நகம் தரையைப் பிறாண்டுது, ஆனா ஓர் அடி நகரலை. மூணு தடவை ஊதணும்கிறதுதான் எனக்கு உத்தரவு... மூணாவதுக்கு எனக்குத்தான் மனசு வரலை.