மெஷேசாபெயேல் வரைக்கும்

வெள்ளைக் கல்லே போதும். கறுப்புக் கல்லில் தூசி தெரியும். எங்கள் கோயில் ஊழியனுக்குத் தூசி தட்டும் பழக்கம் கிடையாது.

நீங்கள் வரைந்து கொண்டுவந்த கல்லறைப் படத்தை என் மகள் டமரிஸ் எனக்கு விவரமாகச் சொன்னாள். நடுவில் நான் நீதிபதியின் சிவப்பு அங்கியோடு படுத்திருக்கிறேன். பக்கத்தில் என் மனைவி அர்சுலா. கால்மாட்டில் எங்கள் பிள்ளைகள் மண்டியிட்டிருக்கிறார்கள். தொட்டிலிலேயே போய்விட்ட பையன்கள் இருவர் கையிலும் மண்டையோடு. பெற்றவர்களுக்கு முன்னால் போன பிள்ளைகளை அப்படித்தான் செதுக்குவீர்கள், அது முறைதான். ஆனால் டமரிஸின் கையிலும் ஒரு மண்டையோடு இருப்பதாக இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. அவளே அப்படி வைக்கச் சொன்னாளாம். அவள் கீழே சமையல்காரியிடம் பட்டாணியைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறாள், உங்களுக்கே கேட்கும். உயிரோடு இருக்கும் பெண்ணின் கையில் மண்டையோடு எதற்கு?

அதை எடுத்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன், உட்காருங்கள். கல் வேலைக்காரருக்குப் பொறுமை இருக்கும்.

என் அப்பா இந்த வின்ஃபர்ட் ஊரில் தோல் பதனிட்டவர். ஆற்றுத் திருப்பத்தில் இருக்கிறதே, அந்தப் பட்டறைதான். எங்கள் வீட்டு ரொட்டியில்கூட ஓக் மரப்பட்டை ஊறிய வாடை இருக்கும். அவர் இருந்ததையெல்லாம் விற்று என்னைச் சட்டம் படிக்க லண்டனுக்கு அனுப்பினார். ஒரே ஒரு முறை என்னைப் பார்க்க வந்தார். கைகளைக் காடியில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, நல்ல தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். என் பக்கத்திலிருந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

“டேய் கிரெஸ்வெல், செத்த மாட்டை யாரோ தூக்கிட்டு வர்றாங்கடா. உனக்குத் தெரிஞ்ச மாடா?”

என் புத்தகங்களுக்கு அட்டை போடத் தோல் கொண்டுவரும் ஆள் என்று சொன்னேன். அப்பாவின் காதில் அது விழுந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“வேற ஏதாச்சும் வேணுங்களா, ஐயா?” என்றார்.

ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் புத்திசாலி, பிறகு வரவே இல்லை. அவர் இறந்தபோது எனக்குக் கோர்ட்டு இருந்தது, போக முடியவில்லை.

மற்றபடி என் வாழ்க்கை ஒழுங்காகத்தான் போயிற்று. நல்ல குடும்பத்தில் பெண் எடுத்தேன். நாற்பத்தாறு வயதில் நீதிபதி ஆனேன். பிறந்த மாவட்டத்திலேயே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல அரசரின் தனி அனுமதி கிடைத்தது. அது லேசில் யாருக்கும் கிடைப்பதில்லை. இருபத்தொரு வருடத்தில் ஒருவரிடமும் கை நீட்டியதில்லை. மிக்கேல் திருநாளுக்கு வந்த வாத்தைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது நல்ல கொழுத்த வாத்து.

அர்சுலா காய்ச்சலில் போன மறு வருடம் அது நடந்தது. டமரிஸுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவள் எனக்கு உப்பு எடுத்துக் கொடுத்தாள். அவள் சட்டைக் கையிலிருந்து அந்த மரப்பட்டை வாடை வந்தது. நாற்பது வருடமாக நான் முகராத வாடை. நான் கோபப்படவில்லை. உப்பைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அப்பாவின் பழைய பட்டறையில் ஹியூ ப்ராசர் என்று ஒருவன் தோல் சுரண்டிக்கொண்டிருந்தான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் உட்கார்ந்து டமரிஸ் அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டதும் கல்யாணமாம். கோயில் பதிவேட்டில் மற்றவர்களைப் போல வெறும் கோடு கிழிக்காமல் முழுப் பெயரையும் எழுத வேண்டுமாம். அதற்குத்தான் காத்திருந்தார்கள். அர்சுலாவின் வெள்ளிக் கொக்கி போட்ட, வேதத்தின் துதிப்பாடல்கள் அடங்கிய சங்கீதப் புத்தகத்தை வாசித்துப் பழக அவனிடம் கொடுத்திருந்தாள்.

அர்சுலாவின் புத்தகங்களையெல்லாம் அவள் அண்ணன் ஜெர்வேஸுக்குக் கொடுத்துவிட்டதாக ஒரு தாள் எழுதினேன். தேதியை மட்டும் இரண்டு மாதம் முன்னால் போட்டேன். புத்தகம் என்னுடையது என்றால் அந்த வழக்கை நானே விசாரிக்க முடியாது. பிறகு ஜெர்வேஸ் புகார் கொடுத்தார். காவலர்கள் போய்ப் பார்த்தபோது, புத்தகம் அவன் தலையணைக்கு அடியில், துவைத்த துணியில் சுற்றி இருந்ததாம். பத்திரமாகத்தான் வைத்திருந்தான், அதை நான் மறுக்கவில்லை.

டமரிஸ் அன்றைக்கே என் அறைக்கு வந்தாள்.

“அப்பா, அது நான் குடுத்தது. கோர்ட்டுல வந்து நானே சொல்றேன்.”

“யாரு பொருளை யாரும்மா குடுக்குறது? அது உங்க மாமாவோடது.”

“மாமாவோடதா? அவரு நாய்க்குப் பேரு வைக்கவே இன்னொருத்தரைக் கேப்பாரு. அவருக்கு எதுக்குப்பா சங்கீதப் புத்தகம்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளை உட்காரவைத்துப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

“நீ சாட்சிக் கூண்டுல ஏறினா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னன்னு ஜூரியில உக்காந்திருக்கிற பன்னெண்டு ஆம்பளைங்க கேப்பாங்க. உன்னை மயக்கி வாங்கிட்டான்னு அவன் தலையிலதான் விடியும். நீ வாயைத் திறக்காதே. அவனுக்குத்தான் இப்ப வாசிக்க வருதே. புத்தகம் கேக்கட்டும், நான் குடுக்குறேன். கட்டைவிரல்ல ஒரு சூடு, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்துருவான்.”

“சத்தியமாவா?”

“உங்க அம்மா மேல சத்தியம்.”

என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அவள் அப்படிச் செய்தது அதுதான் கடைசி. ஆனால் நான் சொன்ன சொல் தவறவில்லை. புத்தகம் கொடுத்தேன்.

உங்களுக்கும் தெரிந்திருக்கும். திருட்டுக்குத் தூக்குதான், ஆனால் முதல் தடவை திருடியவன் அதற்கு முன்னால் வேதப் புத்தகம் கேட்கலாம். கொடுத்த வசனத்தை வாசித்துவிட்டால் அவனையும் படித்தவர்களோடு சேர்த்துக்கொண்டு, கட்டைவிரலில் சூடு போட்டு விட்டுவிடுவோம். எல்லா நீதிபதிகளும் ஐம்பத்தோராம் சங்கீதத்தின் முதல் வசனத்தைத்தான் கொடுப்பார்கள். ஊரில் உள்ள திருடர்கள் அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். ஒரு குவளை பியருக்குச் சிறைக்காவலனே சொல்லிக்கொடுப்பான். ஹியூவுக்கும் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கிறான். அவன் மாட்டேன் என்றுவிட்டான். காவலன் பிற்பாடு என்னிடம் சொல்லிச் சிரித்தான்.

“‘எனக்கு நெசமாவே வாசிக்க வரும்ணே, எதுக்கு மனப்பாடம்? ஏமாத்தி வெளிய வந்தா சொல்லிக்குடுத்தவளுக்குத்தானே கேவலம்’னு சொன்னான் எசமான். கிறுக்குப் பய.”

அந்த முறை கோர்ட்டில் வழக்குகள் குறைவு. பன்றி திருடியவனுக்கு விடுதலை. இரண்டு பேர் சங்கீதத்தை ஒப்பித்துவிட்டுச் சூடு வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவருக்கும் தூக்கு விழாமல் கோர்ட்டு முடிந்தால், மாவட்ட ஷெரீப் நீதிபதிக்கு வெள்ளைக் கையுறை பரிசளிப்பார். என் காலத்தில் அது எனக்குக் கிடைத்ததே இல்லை. அன்றைக்கு ஷெரீப்பின் மடியில் அந்தப் பெட்டி தயாராக இருந்தது. ஹியூதான் கடைசி வழக்கு.

ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். அவன் புத்தகம் கேட்டான். டமரிஸ் மாடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் சங்கீதத்தைக் கொடுக்கவில்லை. பெரிய வேதப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, பெயர்கள் மட்டுமே வரிசையாக வரும் ஒரு பக்கத்தைப் பிரித்து, தலைகீழாக அவன் கையில் கொடுக்கச் சொன்னேன். ஒரு வசனம்தான் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அவன் புத்தகத்தைச் சரியாகத் திருப்பிக்கொண்டான். கூட்டத்தில் யாரோ, “பாத்தியா, மாடு தொழுவத்தைக் கண்டுபிடிச்சிருச்சு,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஹியூவும் சிரித்தான். பிறகு விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினான். எபிரேயப் பெயர்கள், பாதிரிமாரே விழுங்கிவிட்டுப் போகிற பெயர்கள். ஒவ்வொன்றாக, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தான். கழுத்தில் வேர்வை ஓடியது. கொஞ்ச நேரத்தில் கூட்டம் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவனோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டது. மெஷேசாபெயேல் என்ற பெயரில் திக்கினான். நான் மேசையைத் தட்டினேன்.

அவன் வாசித்தானா இல்லையா என்று சொல்ல வேண்டியது பிஷப்பின் ஆள். அன்றைக்கு வந்திருந்தவர் பெல் பாதிரியார். ஆறு பிள்ளைகள், நிரந்தரமான ஒரு கோயில் கிடையாது. பாதிரியாரை நானே நியமிக்கக்கூடிய கோயில் ஒன்று அப்போது காலியாக இருந்தது.

“பாதிரியாரே, இவன் வாசிக்கிறானா?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“வாசிக்கல, ஐயா,” என்றார்.

கோர்ட்டு முழுவதும் சத்தம். ஹியூ விரலை அந்த இடத்திலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தான்.

“ஐயா, இந்த வரியில இன்னும் ரெண்டு பேருதான் இருக்கு. வாசிச்சிர்றேன் ஐயா.”

நான் தூக்குத் தண்டனை சொன்னேன். ஷெரீப் கையுறைப் பெட்டியை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டார். என் வேலைக்காலம் முழுவதும் நான் ஆசைப்பட்ட ஒரே பொருள் அது. அதை அன்றைக்கு நானாகத்தான் விட்டுக்கொடுத்தேன். இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மறுநாள் காலையில் டமரிஸ் தூக்குமேடைவரை நடந்தே போனாள். மத்தியானம் திரும்பி வந்து எனக்குச் சாப்பாடு பரிமாறினாள். இரண்டு மூன்று நல்ல இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள், மாட்டேன் என்றுவிட்டாள். பதினாலு வருடமாக இந்த வீட்டை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். என் கண் மங்கியதிலிருந்து தினமும் மாலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வேதம் வாசிக்கிறாள். எந்த மகள் இப்படிச் செய்வாள்? அதனால்தான் மண்டையோடு வேண்டாம் என்கிறேன். அவள் கையில் ஒரு புத்தகத்தைச் செதுக்குங்கள்.

நீங்கள் வெளியூர்க்காரர், வேலை முடிந்தால் போய்விடுவீர்கள். அதனால் ஒன்றைத் திருத்திச் சொல்லிவிடுகிறேன். அவன் திக்கவில்லை. பாதிப் பெயரைச் சொல்லிவிட்டு மீதிக்கு வாயைத் திறந்திருந்தான். அதற்குள் மேசையைத் தட்டியது நான். மீதியையும் சொல்லியிருப்பான், அடுத்த இரண்டையும் சொல்லியிருப்பான். பெல் பாதிரியாருக்குத் தெரியும், கோர்ட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவன் நன்றாகவே வாசித்தான். அந்தப் புழுக்கத்தில் அவன் மேலிருந்து மரப்பட்டை வாடை நான் உட்கார்ந்திருந்த மேடைவரை வந்தது. என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என்னை மாமா என்று கூப்பிடப் போகிறான் என்று தோன்றியது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வேற ஏதாச்சும் வேணுங்களா என்று கேட்பவன் மாதிரியே நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. கொன்றேன்.

ஆனால் தீர்ப்பு தவறு என்று சொல்ல மாட்டேன். டமரிஸ் தினமும் வாசிக்கிறாள் என்றேனே, தொடங்கிய நாளிலிருந்து, அவனுக்கு நான் கொடுத்த அந்த ஒரே பக்கத்தைத்தான் வாசிக்கிறாள். வேறு பக்கம் வாசி என்றால் காது கேளாதவள் மாதிரி இருக்கிறாள். தடங்கலில்லாமல் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவாள். மெஷேசாபெயேல் வந்ததும் பாதியில் நிறுத்திவிடுவாள். மேலே போம்மா என்று சொல்லிப் பார்ப்பேன், புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கே அந்தப் பெயர் வாசிக்க வரவில்லை. அவனுக்கு மட்டும் எப்படி வந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.