இரண்டு இஞ்ச் உயரம்

ஓசூர் டயர் கடையில் என் காரைத் தூக்கி வைத்து வேலை நடந்துகொண்டிருந்தது. பெரிய டயர் போட்டு வண்டியின் உயரத்தைக் கூட்டத்தான் பலரும் அங்கே வருவார்கள். பெரிய ஜீப்பில் வந்து இறங்கியவர் மெக்கானிக்கிடம் வேறு மாதிரி கேட்டார்.

“அண்ணா, ஏத்துனத இறக்கிடலாமா?”

“போன மாசந்தானே சார் ரெண்டு இஞ்ச் ஏத்துனோம்? டயரும் பெருசா போட்டாச்சு. நாட்றாம்பாளையம் ரோட்டுல அடி தட்டுது, அப்பாவுக்கு இடுப்பு தாங்கலன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இப்ப தட்டல. அவராலதான் ஏற முடியல.”

“சைடு ஸ்டெப் போட்டமே?”

“அதுக்கே கால் எழும்பல. ஸ்டூல் போட்டேன். நானும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் தூக்குனோம், அக்கம்பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தாங்க. முந்தாநேத்து வாசல்லயே உக்காந்துட்டாரு. ‘நீ போயிட்டு வாடா, நான் வரல’ன்னுட்டாரு.”

“எங்க போறதுக்கு?”

“டயாலிசிஸுக்கு.”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். “அப்ப முந்தாநேத்து?”

“போகல. இன்னைக்கும் வரலைங்கறாரு.”

மெக்கானிக் பாதி வேலையில் என் காரைக் கீழே இறக்கி வெளியே தள்ளி நிறுத்திவிட்டு, ஜீப்பை உள்ளே விடச் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.