வெந்நீர் மெஷினின் குளிர்காற்று

மகன்: இன்னிக்கும் பச்சத்தண்ணிக் குளியல்தான்! ஆபீஸ் அலுப்பே போகல.

மருமகள்: கத்தாதீங்க. மாமா காதுல விழும்.

மகன்: விழட்டும். ஒரு டேங்க் வெந்நீர்! சாயங்காலத்துக்குள்ள எங்க போச்சு?

மருமகள்: இந்த ஹீட் பம்ப் வெந்நீர் மெஷினை வாங்கினா கரன்ட் பாதி மிச்சம்னு ஆபீஸ் பூரா தம்பட்டம் அடிச்சீங்களே...

மகன்: மெஷின் மேல குத்தம் இல்ல. காத்துல இருக்கிற சூட்டை இழுத்து மெதுவாத்தான் காய்ச்சும். ஆனா காயக் காய யாரோ திறந்து விடறாங்க.

மருமகள்: யாரோவா? பகல்ல நாம ரெண்டு பேரும்தான் வீட்டுலயே இல்லையே...

மகன்: அதான்... அப்பா! கொஞ்சம் வாங்க.

அப்பா: என்னப்பா?

மகன்: மத்தியானத்துல வெந்நீர் பைப்பைத் திறந்து விடறீங்களா?

அப்பா: ஆமாப்பா... திறந்தேன்.

மருமகள்: துணி கிணி அலசினீங்களா மாமா?

அப்பா: இல்லம்மா... சும்மாதான்... கொஞ்சமா...

மகன்: கொஞ்சமா? டேங்கே காலி! எதுக்குப்பா?

அப்பா: வெந்நீர் தீர்ந்தாத்தானே அது மறுபடி ஓடும்.

மகன்: எது?

அப்பா: உன் மெஷின்தான். ஓடினா சில்லுனு காத்து விடுது. சூட்டை எடுத்துக்கிட்டு மிச்சக் காத்தைக் குளிரா வெளிய தள்ளும்னு நீதானே வாங்கின அன்னிக்கு விளக்கின... அதான், மெஷின் இருக்கிற பின் ரூம்ல ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவேன்.

மருமகள்: அந்த அழுக்குத்துணி மூட்டைக்கு நடுவுலயா!

அப்பா: என் ரூம் மத்தியானத்துல அனலா கொதிக்குதும்மா. தப்புதான்... திருட்டுத்தனமா பண்ணிட்டேன். வெக்கமா இருக்கு.

மகன்: ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க ரூம்ல வந்து...

மருமகள்: ம்க்கும்.

மகன்: அதாவது... ஏசி ரிப்பேரு... சொன்னேன்ல...

அப்பா: ஆமாமா. சொன்ன.

மகன்: நீயாவது ஏதாவது பேசேன்!

மருமகள்: என்னை ஏன் பாக்கறீங்க? சொன்னது நீங்க. எனக்கு மாமா முகத்தைப் பாக்கவே கூசுது.

அப்பா: ஏம்மா, நீ எதுக்குக் கூசணும்? தண்ணியை வீணாக்கினது நான்.

மகன்: அப்பா... நாளைக்கே மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து ஏசியை சரி பண்ணிடறேன். சத்தியமா.

அப்பா: வேணாம்ப்பா, அவரை ஏன் வீணா அலைய விடறே... உங்க ஏசித் தண்ணி சொட்டறதுக்கு என் ஜன்னலுக்கு வெளிய ஒரு வாளி வெச்சிருக்கியே... தினம் காலையில நிரம்பி வழியுது. நான்தான் எடுத்துக் கொட்டறேன்.