உயர்த்தித் தாழ்த்தக்கூடிய கட்டில்கள்

தேநீர் ஆறிவிடப் போகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள். இந்த அறையில் மின்விசிறியைக் கூட்டினால் காகிதம் பறக்கும், குறைத்தால் வியர்க்கும். இத்தனை வருஷமாக எனக்கும் ஒரு நடுவழி அகப்படவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டமன்றக் குழுவின் சார்பில் வந்திருக்கிறீர்கள். விற்பனை வரியை உயர்த்தியபோது நோயாளிகள் படுக்கும் கட்டில் எப்படி அதில் மாட்டிக்கொண்டது, அது எழுத்துப் பிழையா என்று கேட்டீர்கள். பிழை இல்லை என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். நிதித்துறையில் வரி வரைவுகளை எழுதுகிறவன் நான். என் வரைவில் பிழை வந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

அந்த வருஷம் கஜானாவில் பெரிய ஓட்டை. வந்ததைவிடப் போனது அதிகம். எப்படியாவது அடைத்தாக வேண்டும். அமைச்சர் நல்ல மனிதர். கூட்டத்தில் யாராவது 'பற்றாக்குறை' என்று சொன்னால், தன் வீட்டுக் கூரை ஒழுகுகிற மாதிரி அண்ணாந்து பார்ப்பார். வருமானத்தின் மேல் வரி போட்டால் பணக்காரர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும், அது அவருக்கு ஒத்துவராது. விற்பனை வரியில் அந்தத் தொல்லை இல்லை. ஜனங்களே கடைக்கு வந்து கட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் எந்தப் பொருளின் மேல்? அரிசியைத் தொட்டால் ஆட்சி போகும், டீசலைத் தொட்டால் லாரி நிற்கும். சாராயத்தைத் தொட்டுத் தொட்டு இனித் தொட இடமில்லை.

"ஏழை வாங்காத சாமானாப் பாத்து எழுதுங்க" என்றார் அமைச்சர். "நாளைக்கு எவனும் என்னைத் திட்டக் கூடாது."

ஆடம்பரப் பொருட்களுக்கு உச்ச வரி என்று ஒரு புதுப் பட்டியல் தயாரிக்கும் வேலை என் மேசைக்கு வந்தது. அது வந்தபோது என் மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு முதுகெலும்பில் கட்டி. நடை போயிற்று, பிறகு உட்காருவதும் போயிற்று. வாய் மட்டும் போகவில்லை. படுத்த இடத்திலிருந்தே வீட்டை நடத்தினாள். வேலைக்காரி தரை துடைத்த சத்தத்தை வைத்தே எந்த மூலை விட்டுப்போயிற்று என்று சொல்லிவிடுவாள். வலது கை நன்றாக இருந்தது. தலைமாட்டில் ரேடியோ. அதைத் திருகித் திருகி ஏதாவது பிடித்துக்கொண்டிருப்பாள்.

அவளுடைய தம்பி, என் மச்சான், ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கட்டில் கடை வைத்திருந்தான். பாலத்தைத் தாண்டினால் பக்கத்து மாநிலம். வீட்டுக் கட்டில்களும் விற்பான் என்றாலும் அவனுக்குச் சோறு போட்டவை நோயாளிக் கட்டில்கள்தான். கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும்புமே, அந்த வகை. கடைத்தெருவில் அவனுக்குப் பெயரே கட்டில்காரர். எப்போதும் வாயெல்லாம் பல்லாக இருப்பான். அக்காவைப் பார்க்க வந்தவன், "அத்தான், ஒரு கட்டில் அனுப்பறேன். அக்கா சாஞ்சு உக்காந்து தெருவைப் பாக்கட்டும்" என்றான். அன்று சாயங்காலமே வேனில் ஏற்றித் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறக்கினான்.

அவள் சாய்ந்து உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டில் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், யாருமே எனக்குச் சொல்லவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ஒரு மதியம், தாதி அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது தலைப்பக்கம் இறங்கிவிட்டது. கைப்பிடிக்குள் இருக்கிற பல்சக்கரம் தேய்ந்திருந்தது. யாரோ உபயோகித்துத் திருப்பிக் கொடுத்த கட்டில். மேலே புதுப் பெயின்ட். எனக்கு ஞாபகம் இருப்பது கரண்டி தரையில் விழுந்த சத்தம் மட்டும்தான். அதற்குப் பிறகு அவளுடைய வலது கையும் அசையவில்லை. ரேடியோவை நாங்கள் திருகினோம். எங்களுக்கு அவள் கேட்கிற இடத்தில் நிறுத்தத் தெரியவில்லை.

கட்டிலை வெளியேற்றிவிட்டு அவளைத் தரையில் மெத்தை போட்டுப் படுக்க வைத்தேன். தரையில் கிடக்கிற உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது எனக்கு அத்துப்படி. புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். குனிந்து தூக்குவதால் தூக்குகிறவரின் இடுப்பு முதலில் போகும். ஒரு தடவை தவறினால் தோல் சிவக்கும். இன்னொரு தடவை தவறினால் புண். புண் எலும்பு வரைக்கும் போகும்; போவது வெளியே தெரியாது, வாடைதான் முதலில் சொல்லும். அவள் அந்தப் புண்ணில்தான் போனாள், கட்டியில் அல்ல.

துக்கத்துக்கு வந்தவர்களில் எல்லோரையும்விட அதிகம் அழுதவன் மச்சான்தான். அழுது முடித்து வாசலில் நின்று யாரோ ஒரு உறவுக்காரரிடம், "பழைய கட்டில்தான், ஆனா நல்லா ஓடிட்டிருந்த கட்டில்" என்று சொன்னான். நான் செருப்பைத் தேடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்த 'ஆனா' என் காதில் விழுந்தது. நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. சண்டை போடுகிற ஆள் இல்லை நான். தோளைத் தட்டி, சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன்.

பட்டியலுக்கு வருகிறேன். அமைச்சருக்கு வேண்டிய ஆடம்பரப் பொருட்களை எழுதிக்கொண்டே வந்தேன்: வாசனைத் திரவியங்கள், வெளிநாட்டுக் கைக்கடிகாரங்கள், நீராவிக் குளியல் தொட்டிகள். அப்போது பெரிய ஓட்டல்களில் உடம்பைப் பிடித்துவிடும் மின்சாரக் கட்டில்கள் வந்திருந்தன. அதையும் சேர்க்கலாம் என்று செயலாளர் அம்மையாரே யோசனை சொன்னார். நான் எழுதினேன்: 'தலைப்பக்கமோ கால்பக்கமோ உயர்த்தித் தாழ்த்தக்கூடிய கட்டில்கள் அனைத்தும்.' மருத்துவச் சாதனங்களுக்கு ஏற்கெனவே வரிவிலக்கு இருந்தது. அதன் கடைசியில் 'மேற்படி கட்டில்கள் நீங்கலாக' என்று சேர்த்தேன். அம்மையார் படித்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஓட்டல் கட்டில். அமைச்சர் கண்ணுக்கும் அதுதான் தெரிந்தது. காதும் காதும் வைத்தாற்போல் நான் எதையும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் அச்சில் இருந்தது, சபையில் வாசிக்கப்பட்டது, மேசையைத் தட்டி நிறைவேற்றினார்கள்.

புரிந்துகொண்டது எங்கள் பிரிவில் தட்டச்சு செய்கிற பெண் மட்டும்தான். அவளுடைய அம்மா பக்கவாதத்தில் கிடந்தாள். இவள் ஒரு கட்டில் வாங்கச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"சார், 'அனைத்தும்'னு போட்டா ஆஸ்பத்திரிக் கட்டிலும் உள்ள வந்துடுமே சார்."

"வரும்" என்றேன்.

நான் தெரிந்தே எழுதியிருப்பேன் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தன் அறிவுக்கு எட்டாத ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பாள். "சரிங்க சார்" என்று போய் அடித்துக் கொண்டுவந்தாள். ஒரு பிழை இல்லை.

அதன் பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, பாலம் பார்த்துக்கொண்டது. ஒரே கட்டில் பாலத்துக்கு அந்தப் பக்கம் மலிவு, இந்தப் பக்கம் யானை விலை. வண்டி வைத்திருந்தவர்கள் பாலத்தைக் கடந்து போய் வாங்கினார்கள். மற்றவர்கள் வாங்கவில்லை. மச்சான் கடையில் முதலில் ஆட்கள் குறைந்தார்கள், பிறகு விளக்குகள் குறைந்தன. அவன் கட்டில்களுக்குக் கைப்பிடி செய்து கொடுத்த பட்டறையும், மெத்தை தைத்த பெண்களும் அதே தெருவில்தான் இருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

தட்டச்சுப் பெண் ஒரு நாள் கண் வீங்கி வந்தாள். அம்மாவுக்குப் புண் வந்துவிட்டதாம். நான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, எப்படிப் புரட்ட வேண்டும், முழங்காலுக்கு நடுவில் தலையணையை எப்படிச் செருக வேண்டும், வாடை வந்தால் எதைப் போட்டுத் துடைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். அவள் கைகூப்பினாள். இவ்வளவு விவரமாக டாக்டர்கூடச் சொல்லவில்லை என்றாள். அவளுடைய அம்மா அடுத்த மாதம் இறந்துபோனாள். மாலை வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

பிறகு மச்சான் வந்தான். நான் அதற்காகக் காத்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் அவனைப் பார்த்தபோது ஆச்சரியப்படவும் இல்லை. ஆள் பாதியாகியிருந்தான். வீட்டை விற்றாயிற்று, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் மாற்றியாயிற்று என்றான். உங்கள் துறையில் இதை எழுதியது யார் என்று மட்டும் சொல்லுங்கள், போய்க் காலில் விழுகிறேன் என்றான். என்னைத் தவிர வேறு யார் மேலும் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கும். என் மேல் வரவேயில்லை. உறவு என்பது அப்படித்தான்.

"அது மேலிடத்து முடிவு, மச்சான்" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு வேறு ஒன்றைப் பேசினான்.

"அக்கா விஷயத்துல என் மேல உங்களுக்கு வருத்தம்னு தெரியும் அத்தான். புதுச் சரக்கு வர நாளாகும்னாங்க. அக்கா வலியில கத்திட்டிருந்தா. கையில இருந்தது அது ஒண்ணுதான், நானே உக்காந்து பழுது பாத்து ஏத்திட்டு வந்தேன். அப்புறம் புதுசு வந்ததும் முதல்ல உங்க வீட்டுக்குத்தானே கொண்டுவந்தேன். நீங்கதான் கேட்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டீங்க."

அவன் சொன்னது உண்மை. அப்படி ஒரு புதுக் கட்டில் வந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வேனில் நின்றது. நான் கேட்டைத் திறக்கவில்லை. வேன் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவள், யார் வந்தது என்று கேட்டாள். விலாசம் மாறி வந்துவிட்டார்கள் என்று சொன்னேன். அப்போது அவளுக்குப் புண் வந்திருக்கவில்லை. அவனுடைய கட்டிலில் அவள் மறுபடியும் படுப்பதை என்னால் சகிக்க முடியாது என்று நினைத்தேன். வேறு கடையில் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கத்தான் இருந்தேன். பட்ஜெட் நேரம், தள்ளிப் போயிற்று.

கிளம்பும்போது மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நாள் கழித்து ஏதோ அலுவலாகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனேன். அலுவல் எதுவும் இல்லை, அவனைப் பார்க்கத்தான் போனேன். அங்கே பெரிய கட்டில் கடையில் கூலிக்குச் சேர்ந்திருந்தான். ஒரு முனையை அவனும் மறு முனையை ஒரு இளவட்டமும் பிடித்துக் கட்டிலை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எடை தாங்காமல் அவன் முகம் கோணியது. நான் காரை விட்டு இறங்கவில்லை. அன்று நன்றாகத் தூங்கினேன்.

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

இந்த வருஷம் கஜானா பரவாயில்லை. ஓட்டை அடைபட்டுவிட்டது, கொஞ்சம் மிச்சம்கூட இருக்கிறது. செயலாளர் அம்மையார் என்னைக் கூப்பிட்டு, கட்டில் விஷயமாக நிறைய மனுக்கள் வந்திருக்கின்றன, ஓட்டலுக்கு மட்டும் என்று திருத்திவிடலாமே என்றார். விலக்கின் கடைசியில் நான் சேர்த்த சொற்களை எடுத்தால் போதும். எனக்கும் ஆட்சேபணை இருந்திருக்கக் கூடாது. மச்சானின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். கணக்கு நேராகிவிட்டது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அன்று வீட்டுக்குக் கிளம்பினேன்.

வழியில் ஒரு வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாலத்தைக் கடந்து வாங்கிய கட்டிலாக இருக்க வேண்டும். புருஷன் பின்னால் நின்று அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான். பழக்கமில்லாத கை, சிக்கில் சீப்பு மாட்டிக்கொண்டது. அவள் ஏதோ சொன்னாள், அவன் சிரித்தான். அவள் தெருவைப் பார்த்தாள், அதாவது என்னைப் பார்த்தாள். நல்ல பெண் போலிருக்கிறது, தெரியாதவனைப் பார்த்தும் புன்னகை செய்தாள்.

மறுநாள் காலையில் குறிப்பு எழுதினேன். வருவாய் இன்னும் நிலைப்படவில்லை, திருத்தம் உசிதமல்ல. கூடவே, பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் கட்டில்களைப் பாலத்திலேயே நிறுத்தி வரி வாங்க ஒரு சாவடி வேண்டும் என்றும் எழுதினேன். இரண்டும் ஏற்கப்பட்டன. நீங்கள் வரும் வழியில் பார்த்திருப்பீர்கள், மூங்கில் கட்டித் தடுப்புப் போட்டிருக்கிறார்கள்.

ஏன் என்று கேட்கிறீர்கள். இதில் மறைக்க ஒன்றுமில்லை, இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் நம்புகிற விஷயம்தான். வரி என்றால் எல்லோர் மேலும் சமமாக விழ வேண்டும். என் மனைவி தரையில் கிடந்தாள். மற்றவர்களும் கிடக்கட்டும்.