வேட்டுச் சத்தம் இல்லாமல் போனவள்

விசில் கேட்கிறது. பீரங்கிக் குண்டு வரும் நீண்ட விசில். "படுடா மாப்ள!" என்று குமரேசன் கத்துகிறான். படுக்கிறேன். பிறகு சத்தமே இல்லை. மண் மட்டும் விழுகிறது. முதுகில். கழுத்தில். வாய்க்குள்.

எழுபத்தொன்று, டிசம்பர். கிழக்கு எல்லை. இன்னும் விடியவில்லை. பதுங்கு குழிக்குள் மூன்று பேர் இருந்தோம். சேத்தியாத்தோப்புக் குமரேசன். ஜோசப். நான். தோண்டி எடுத்தபோது மூச்சு இருந்தது எனக்கு மட்டும்.

போரைப் பற்றி என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். மற்றதை என் மனைவி தையல்நாயகிக்காக எழுதுகிறேன்.

குமராட்சிப் பக்கத்துப் பெண். தலைதீபாவளிக்குப் போனபோது வெடியைக் கையில் பிடித்தே கொளுத்தினாள். திரி சீறிய பிறகுதான் வீசினாள். சிரித்தாள். அது போருக்கு முந்திய தீபாவளி.

அடுத்த தீபாவளி. விடுப்பில் வந்திருக்கிறேன். மாமனார் வீட்டு வாசல். புது வேட்டி. தெருவில் யாரோ அணுகுண்டு வைக்கிறார்கள். வெடிக்கிறது. நான் மாட்டுவண்டிக்கு அடியில், சேற்றில், குப்புறக் கிடக்கிறேன். ஆட்கள் ஓடி வருகிறார்கள். அதற்குள் அவள் என் மேல் வந்து விழுந்தாள்.

"ஐயோ, வெடிய நிறுத்துங்க! எனக்கு பயமா இருக்கு!"

எழுந்ததும் எல்லோரிடமும் சொன்னாள். "நான்தான் பயத்துல இவர இழுத்துத் தள்ளிட்டேன்."

அவள் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "மிலிட்டரிக்காரர் பொண்டாட்டின்னு வெளிய சொல்லாதக்கா. மானம் போவுது. பாரு, மாமா வேட்டி போச்சி."

"அவரு சண்டைக்குப் போனப்ப வந்த பயம்டா. இன்னும் போவல," என்றாள்.

நானும் சிரித்தேன். பி.யூ.சி. படித்தவன். சீருடை போட்டவன். சேற்றைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

பணி முடிந்து கடலூரில் குடியேறினோம். எங்கள் வீட்டில் வெடி வாங்கியதில்லை. தீபாவளியன்று விடியும் முன்பே பிள்ளைகளை எழுப்பிச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏற்றுவாள். கோயில் உள்பிரகாரத்தில் உட்காருவோம். அந்தக் கல்சுவரைத் தாண்டிச் சத்தம் மங்கித்தான் வரும். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். அவள் முந்தானைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்திருப்பாள். என் கை நடுங்கும். அவள் கை நடுங்கியதே இல்லை.

ஒருமுறை சொன்னேன். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று.

"பேசாம இருங்க. பொம்பள பயந்தா யாரு கேக்கப் போறாங்க?"

பேசாமல் இருந்தேன். பிறகு பேரன் வந்தான். அவனும் வெடி கேட்டு அழுதான். ஆயாவுக்குப் பயம் என்று அவனுக்கும் சொல்லி வளர்த்தோம்.

போன மாசியில் இறந்தாள். பாடை எழுகிறது. பறை அடிக்கிறார்கள். எங்கள் பக்கம் வயதானவர்களை வேட்டு வைத்துத்தான் அனுப்புவார்கள். நிறைவாய் வாழ்ந்தவருக்குச் செய்கிற மரியாதை அது. தெருப் பையன்கள் வெடிச் சரத்தை நடுரோட்டில் விரித்துவிட்டார்கள்.

"தள்ளிக்குங்க! வேட்டு வெக்கிறோம்!"

பேரன் ஓடிப்போய் மறிக்கிறான். அவன் இப்போது வேலைக்குப் போகிறவன். அழுகிறான்.

"வேணாம்டா! எங்க ஆயாவுக்கு சத்தம் ஆவாது! சாவுலயாவது பயமில்லாம போவட்டும்!"

பையன்கள் சரத்தைச் சுருட்டினார்கள்.

சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். கை அவள் கையைத் தேடியது. கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்த நேரத்தில் எனக்குள் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா, வெடிக்காது என்ற நிம்மதி. அந்த நிம்மதியோடு சுடுகாடு வரை நடந்தேன்.

பேரன் இதைப் படிப்பான். படிக்கட்டும். உன் ஆயா எதற்கும் பயந்தவள் இல்லை. பயந்தவன் நான்.

இழந்தவர்களையும் இழந்ததையும் எழுதி முடிக்கிறேன். குழியில் இருவர். குமரேசன். ஜோசப். வீட்டில், பிள்ளைகளின் தீபாவளிகள். பேரனின் தீபாவளிகள். கையில் வெடி பிடித்துச் சிரித்த பெண். கடைசியாக, அவளுக்குச் சேரவேண்டிய ஒரு சரம். சுருட்டியபடியே இருக்கிறது.