மாடி அறைக்கு ஒரு ஜெபக் குறிப்பு

"பெரியம்மா, பெரியப்பா உங்கள எப்ப அடிப்பாரு?" என்று அந்தக் குழந்தை ஒருநாள் என்னிடம் கேட்டாள். பால் எப்போது வரும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். நேரம் தெரிந்தால் அதற்குள் தன் பொம்மைகளை எடுத்து வைத்துவிடலாம் என்ற அக்கறை அவளுக்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்பல்லாம் அடிக்கிறதில்ல கண்ணு, அவருக்கு முட்டி வலி" என்றேன்.

நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். வந்தவனுக்குக் கதவைத் திறந்துவிட்டவள் என்ற அளவில். ஆனால் பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது எனக்குப் பழக்கமில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எனக்குத் தொழில் திரைச்சீலை தைப்பது. வீட்டின் முன்னறைதான் தையலறை. ஜன்னலோரம் மோட்டார் வைத்த மெஷின், நடுவில் துணி வெட்டும் மேசை, சுவரை ஒட்டி மாடிப்படி. மாடியில் ஒரே ஓர் அறை. அதில் துணிக்கட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். ஒரு மழை நாளில் எங்கள் சபையின் பாஸ்டர் ஓர் இளம் பெண்ணையும் அவள் குழந்தையையும் கூட்டி வந்தார். பாஸ்டர் சின்ன வயதுக்காரர், புதிதாக வந்தவர். அந்தப் பெண்ணின் உதடு கிழிந்திருந்தது.

"கொஞ்ச நாளைக்கு மட்டும் அக்கா. புருஷன் கண்ணுல படாம இருக்கணும். இவ தன் அண்ணன் ஊருக்குப் போயிட்டதா அவன் நினைச்சிட்டிருக்கான். நம்ம சபையில கூட யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார்.

துணிக்கட்டுகளைக் கீழே இறக்கினேன். என் கம்பளியையே அவளுக்குக் கொடுத்தேன். உப்புத் தண்ணீர் காய்ச்சி உதட்டுக்கு ஒத்தடம் வைத்தேன். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் என்ன நடந்திருந்தாலும் அந்த ஒத்தடம் ஒத்தடம்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் அவள் நிழலைப்போல இருந்தாள். படியில் இறங்கினால் சத்தம் கேட்காது. அப்படி இருந்தவரை எனக்கு அவள்மேல் உயிர். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காயம் ஆறியது, பசி எடுத்தது, சிரிப்பு வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து திரைச்சீலைக்கு வளையம் கோத்துக் கொடுப்பாள். மெஷின் நூல் அறுந்தால், "அக்கா திட்டினா நூலு கூடப் பயந்து அறுந்துடுது" என்பாள். என் வீட்டுக்காரர் அதற்கு வாய்விட்டுச் சிரிப்பார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் வார்த்தையை எண்ணிச் செலவழிப்பவர். இளவயதில் சட்டென்று கை நீட்டுவார். என் இடது கை முழங்கைக்குக் கீழே கொஞ்சம் வளைந்திருப்பதைப் பார்க்கிறீர்கள் அல்லவா, துணி பிடிக்க அது வசதியாகத்தான் இருக்கிறது. அந்த மனிதர் இந்தக் குழந்தைக்குக் குட்டி முக்காலி செய்து கொடுத்தார். முட்டி வலியோடு குனிந்து யானை ஆனார். அந்தப் பெண் படியிறங்கி வந்தால் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை. நான் சாப்பிட்டுவிட்டுத்தான் இருந்திருக்கிறேன், அது வேறு விஷயம்.

அவர்களுக்குள் தப்பாக எதுவும் இல்லை. அவளை மகளாகத்தான் பார்த்தார். அப்படித் தப்பு இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் பாஸ்டர் வந்தார். எல்லோரும் வெட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்தோம். அவள் மெதுவாகக் கேட்டாள். "பாஸ்டர், நான் விவாகரத்து கேட்டா அது பாவமா?"

என் கையில் கட்டுப் போட்டிருந்த காலத்தில் நான் இதே கேள்வியை அப்போதைய பெரிய போதகரிடம் கேட்டிருக்கிறேன். அவர் நல்லவர். என் தலையில் கை வைத்து, தேவன் இணைத்ததை மனிதன் பிரிக்கக் கூடாது என்றார். மனைவியைத் தள்ளிவிடுதலைத் தேவன் வெறுக்கிறார், சிலுவையைச் சுமந்துகொண்டு போ மகளே என்றார். நான் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். அதனால் பாஸ்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். அவளுக்காகக் கைக்குட்டைகூட எடுத்து வைத்திருந்தேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கல்யாணம் விளையாட்டு இல்லம்மா. சாகுற வரைக்கும்னு உறுதி எடுக்கிறோம். சாகடிக்கிற வரைக்கும்னு இல்ல. தள்ளிவிடுறதை வெறுக்கிறேன்னு தேவன் சொல்ற அதே வசனத்துல, கொடுமையை வஸ்திரம் போட்டு மூடுறவனைப் பத்தியும் சொல்றாரு. நாங்க பாதிய வாசிச்சிட்டுப் பாதிய விட்டுட்டோம். இந்தக் கல்யாணத்தைப் பிரிச்சது அவன் கை. நீ இல்ல. சபை உன் பக்கம் நிக்கும்" என்றார்.

அவள் அழுதாள். கைக்குட்டை பயன்பட்டது.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றார். "திரும்பிப் போகாதம்மா" என்றார். "எவனும் திருந்துவான்னு நம்பாத. கைக்கு வலு இருக்கிற வரைக்கும் திருந்த மாட்டான். நான் சொல்றேன், எனக்குத் தெரியும்." சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. அவர் கண்ணில் நீர் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது மேசைக்கு அந்தப் பக்கம் வந்தது. நான் டீப்பாத்திரத்தோடு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

அந்த மன்னிப்புக்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. அடிபட்டவள் நான். அது போய்ச் சேர்ந்தது வேறொருத்தியிடம். அவளோ அதைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள்.

நான் யோசித்தேன். அவள் இந்தப் படியிறங்கிப் போய், வெயிலில் நடந்து, ஒரு வேலை தேடி, சிரித்துக்கொண்டே இருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? அவள் போகலாம் என்றால் நானும் போயிருக்கலாம். நான் போயிருக்கலாம் என்றால் என் வாழ்க்கை யாருக்காக? சிலுவை என்று நான் சுமந்தது வெறும் கட்டை என்றாகிவிடும். ஒரு பெண்ணின் சௌகரியத்துக்காக வேதத்தை வளைக்க முடியாது என்று எனக்குப் பட்டது. பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். பொறாமை பாவம். நான் பாவத்துக்கு மிகவும் பயப்படுகிறவள்.

எங்கள் சபைப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஜெபச் சங்கிலி என்போம். யாருக்காவது கஷ்டம் என்றால் ஒருத்தி அடுத்தவளுக்குப் போன் செய்து ஜெபக் குறிப்பைச் சொல்ல வேண்டும். அவள் அதற்கடுத்தவளுக்கு. கேட்டவுடன் இருந்த இடத்திலேயே ஜெபிக்க வேண்டும். "நம்ம சங்கிலி போற வேகத்துக்குப் பிசாசு கூட மூச்சு வாங்கும்" என்று பெண்கள் கேலி பேசுவார்கள். எனக்கு அடுத்து ஸ்கூல் டீச்சர். டீச்சருக்கு அடுத்து மாடியில் இருந்த அந்தப் பெண்ணின் மாமியார். இந்த வரிசையைப் போட்டுக் கொடுத்தவளே நான்தான்.

மறுநாள் காலை டீச்சருக்குப் போன் செய்தேன்.

"ஒரு குடும்பத்துக்காக ஜெபிக்கணும் டீச்சர். பேரு வேண்டாம். புருஷனை விட்டுட்டு வந்த பொண்ணு. கைக்குழந்த இல்ல, பள்ளிக்கூடம் போற வயசுப் பொண்ணோட எங்க மாடி ரூம்ல இருக்கா. அவங்க ஒண்ணு சேரணும்னு பாரத்தோட ஜெபிங்க."

"ஐயோ பாவம். உங்க மனசு யாருக்கு வரும்க்கா" என்றார் டீச்சர்.

நான் எந்த மனிதனுக்கும் தகவல் சொல்லவில்லை. தேவனிடம் விண்ணப்பம் வைத்தேன். வழியில் யார் காதில் விழுந்தது என்பதற்கு நான் பொறுப்பாக முடியாது.

அவன் வருவான் என்று முன்பே தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியாது. ஆனால் அடுத்த நாள் காலை என் வீட்டுக்காரரிடம் குழந்தையைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போகச் சொன்னேன். வளையம் தீர்ந்துவிட்டது என்றேன். பெட்டியில் வளையம் இருந்தது. பிள்ளைக்குக் காலணியும் வாங்கிக் கொடுங்கள், அவசரமில்லை, மெதுவாக வாருங்கள் என்றும் சொன்னேன். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் குழந்தை இருக்கக் கூடாது.

அவன் வந்து மரியாதையாகத்தான் கதவைத் தட்டினான். ஒல்லியான பையன். "அம்மா, என் வீட்டுக்காரி இங்க இருக்காளாமே" என்றான். "மேலதான் இருக்கா தம்பி, பொறுமையாப் பேசு" என்றேன். புருஷன் பெண்டாட்டி பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது நாகரிகமில்லை. மெஷினில் உட்கார்ந்து மிதியை அழுத்தினேன். அவள் என்னைக் கூப்பிட்டாள். அக்கா, அக்கா என்று கூப்பிட்டாள். ஓரம் அடிக்கும்போது பாதியில் நிறுத்தினால் தையல் கோணிவிடும். இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன். துணி முடிந்தபோது மாடியிலும் சத்தம் முடிந்திருந்தது.

அவன் இறங்கி வந்து தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். கை கழுவவும் கொடுத்தேன்.

குழந்தையைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் அண்ணன் ஊருக்குப் போன என் வீட்டுக்காரர் இன்னும் திரும்பவில்லை. போகும்போது பெட்டியைத் திறந்து வளையங்களைப் பார்த்தார். பெட்டியை மூடாமலே போனார். திரும்பி வருவார். தேவன் இணைத்தது, எங்கே போய்விடும்.

இன்னும் ஒன்று, அதை யாரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்தபோது அவளைக் குளிப்பாட்டி உடுத்தும் வேலையை நான்தான் கேட்டு வாங்கினேன். அவள் வந்த அன்றைக்கே தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி என் கையில் வைத்து, "நானே வந்து கேட்டாலும் திருப்பிக் குடுக்காதீங்கக்கா" என்று சொல்லியிருந்தாள். அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்வது எனக்கு உறுத்தல். மற்றப் பெண்களைப் பூ வாங்கிவர அனுப்பிவிட்டு அவள் விரலில் சோப்பு தடவினேன். வீங்கியிருந்தது. வலிக்காமல் மெதுவாகத்தான் போட்டேன்.

அவள் கேட்கவில்லை. நானாகவே கொடுத்துவிட்டேன். கடைசிவரை அவள் ஒருவனுக்கு மனைவியாகவே இருந்தாள், என்னைப் போலவே.