கூண்டுக்குள் சொன்னது

கண்ணாடி அறுப்பவனுக்கு வைர முனையைவிடச் சத்தமில்லாத இடம்தான் முக்கியம், ஐயா. கோடு போடும்போது பக்கத்தில் யாராவது வீல் என்று கத்தினால் கை விலகிவிடும். கண்ணாடி வீண். என் பட்டறை வீட்டின் முன்னறையில் இருக்கிறது. பேத்திக்கு இரண்டு வயது. தொண்டை கொஞ்சம் பெரிசு.

சளி மருந்து குடித்தால் தூக்கம் வரும் என்று மருந்துக்கடைக்காரன் சொல்லியிருந்தான். ஒரு மூடி கொடுத்தேன், தூங்கியது. அப்புறம் தினமும் கொடுத்தேன்.

ஒருநாள் மருமகள் பாட்டிலோடு வந்து நின்றாள்.

"மாமா, இது எப்படிக் காலியாச்சு?"

"என்னைக் கேட்டா? அடுப்படி உன் கையிலதானே இருக்கு."

பயந்துவிட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள், அவள்தான் மருந்து கொடுத்துக் குழந்தையைத் தூங்க வைக்கிறாள் என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லி வைத்தேன். அவள் குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போய், மானநஷ்ட நோட்டீஸ் அனுப்பினாள். எனக்குப் படிப்புக் கிடையாது. முத்திரை குத்திய காகிதம் என்றாலே பயம். மன்னிப்புக் கடிதத்தில் கைநாட்டு வைத்தேன்.

மகன் குழந்தையைக் கேட்டு வழக்குப் போட்டான். நான் சாட்சி. வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். அவனுடைய வக்கீல் சிரித்தார்.

"பெரியவரே, கூண்டுல நின்னு சொல்ற சாட்சிக்காக யாரும் உங்க மேல மானநஷ்ட வழக்குப் போட முடியாது. சட்டமே காவல். பயப்படாம உண்மையைச் சொல்லுங்க. பொய் சொன்னாத்தான் வேற கேசு."

"பொய்யுன்னு யாரு காட்டுவா?"

"என்னையே குறுக்கு விசாரணை பண்றீங்களே."

கூண்டில் ஏறி, தெருவில் சொன்னதையே தேதியோடு சொன்னேன். குழந்தை எங்களிடம் வந்தது. கோர்ட் வராந்தாவில் மருமகள் வழிமறித்தாள்.

"மாமா, என்னை என்ன வேணாலும் சொல்லிக்கோங்க. அவளுக்கு மட்டும் அதைக் கொடுக்காதீங்க."

நான் ஒதுங்கி நடந்தேன். வராந்தாவில் பேசுவதற்குச் சட்டம் காவல் இல்லை.

தாயைத் தேடிக் குழந்தை முன்னைவிட அதிகமாக அழுதது. ஒரு மூடி போதவில்லை, இரண்டாக்கினேன். நேற்று ஒரு கடை முகப்புக்குப் பெரிய கண்ணாடி வந்திருந்தது. நான்கு மூடி கொடுத்தேன். மத்தியானம் எழுப்பினேன், எழவில்லை. உதடு நீலமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மூன்று தரம் கேட்டார், என்ன கொடுத்தீர்கள் என்று. தெரிந்தால்தான் சரியாக வைத்தியம் பார்க்க முடியுமாம். நர்ஸ் ஒருத்தி காகிதத்தில் எழுதிக்கொண்டே இருந்தாள். என் கண் அந்தக் காகிதத்திலேயே இருந்தது.

"அவ அம்மாவைக் கேளுங்க" என்றேன்.

அவள் குழந்தையைப் பார்த்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வந்து சேர்ந்தபோது குழந்தையின் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

நான் பொய் சொல்லவில்லை, ஐயா. கேட்கச் சொன்னேன், அவ்வளவுதான்.